பழைய மேசைக் கணினி தொடங்க மறுக்கும்போது: நினைவகக் கோளாறுகளை அறிகுறி வழியே கண்டறிதல்

பல ஆண்டுகள் உழைத்த மேசைக் கணினி ஒருநாள் எழ மறுத்தால், பெரும்பாலோர் உடனே புதிய ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) வாங்க முற்படுகிறார்கள், அல்லது இயங்குதளத்தை அழித்துவிட்டு மறுபடி நிறுவத் தொடங்குகிறார்கள். இரண்டுமே கோளாறு எங்கே இருக்கிறது என்று உறுதியான பிறகு செய்ய வேண்டியவை. பழைய கணினிகளில் ரேம் சில்லு உண்மையிலேயே கெட்டுப்போவது உண்டு. ஆனால் ரேமின் தொடுமுனைகளில் அழுக்குப் படிவதும், எல்லாப் பாகங்களும் இணையும் மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்துபோவதும், சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றதாக மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் வலுவிழப்பதும் ரேம் கெட்டதைப் போன்ற அறிகுறிகளையே காட்டக்கூடியவை. ஆகவே எந்தப் பாகத்தையும் குற்றஞ்சாட்டும் முன், கணினி எந்தக் கட்டம்வரை வந்து நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தக் கட்டங்களின் வரிசை இதுதான். பொத்தானை அழுத்தியதும் எஸ்எம்பிஎஸ் தன் மின்னழுத்தங்களை நிலைப்படுத்திக்கொண்டு, மின்சாரம் சீராக இருக்கிறது என்ற சைகையை மதர்போர்டுக்கு அனுப்புகிறது. இதற்கு அரை வினாடிக்கு மேல் ஆகாது. பிறகு செயலி விழித்து, மதர்போர்டில் பதிந்திருக்கும் தொடக்க நிரலான பயாஸைப் படிக்கிறது. பயாஸ் ரேமைக் கண்டறிந்து, அதில் எழுதிப் படித்துப் பார்த்து, அதன் பின்னரே திரையில் எழுத்தைக் காட்டுகிறது. அடுத்து ஹார்டு டிஸ்க்கைத் தேடி, அதிலிருந்து இயங்குதளத்தை ஏற்றுகிறது. திரைக்கு முன்பாகவே ரேமின் முறை வந்துவிடுவதால், ரேமில் தொடர்பு சரியில்லாத கணினி பிழைச்செய்தி எதையும் எழுத்தில் காட்ட முடியாமல் கருந்திரையோடு நின்றுவிடுகிறது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்திருந்தால், கீழே வரும் பல சோதனைகளின் காரணம் தானாக விளங்கும்.

கை வைப்பதற்கு முன்

கணினி எப்போதாவதேனும் தொடங்குகிறது என்றால், முதல் வேலை கோப்புகளைக் காப்பாற்றுவது. ஆனால் ரேம்மீது ஐயம் இருக்கும்போது அந்தக் கணினியிலேயே கோப்புகளைப் படியெடுப்பது நல்லதன்று. படியெடுக்கும் ஒவ்வொரு கோப்பும் ரேம் வழியாகவே செல்கிறது என்பதால், கெட்ட ரேம் படியையும் கெடுத்துவிடக்கூடும். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, நன்றாக இயங்கும் வேறொரு கணினியில் இணைத்துப் படியெடுப்பதே பாதுகாப்பானது.

பெட்டியைத் திறக்கும் முன் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். கணினியை அணைத்திருந்தாலும், கம்பி செருகியிருக்கும்வரை மதர்போர்டுக்கு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் சென்றுகொண்டேயிருக்கும். அந்த நிலையில் ரேமைக் கழற்றினால் நல்ல ரேமும் கெட்டுப்போகலாம். கம்பியைப் பிடுங்கிய பிறகு தொடக்கப் பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்தால், மின்சாரத்தைத் தேக்கும் பாகங்களான கெபாசிட்டர்களில் எஞ்சியது வடிந்து, பலகையில் எரியும் சிறு விளக்கும் அணைந்துவிடும். எந்தப் பாகத்தையும் தொடும் முன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். கம்பிகள் இணைந்திருக்கும் விதத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. பயாஸ் திரையைத் திறக்க முடிந்தால் அதன் பக்கங்களையும் படம் எடுத்துவிட வேண்டும், ஏனெனில் அவை பின்னால் அவசியம் தேவைப்படும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, அதன் விளைவைப் பார்த்த பிறகே அடுத்ததைச் செய்ய வேண்டும். ரேமைத் துடைத்து, பேட்டரியையும் மாற்றி, கம்பியையும் மாற்றிய பின் கணினி ஓடத் தொடங்கினால் மகிழ்ச்சிதான். ஆனால் எது கெட்டிருந்தது என்று தெரியாமலே போய்விடும், அது திரும்பவும் வரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

பொத்தானை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை

இதற்கும் ரேமுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. சுவர்ச் சுவிட்சு, மின்கம்பி, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறச் சுவிட்சு ஆகியவற்றைப் பார்த்த பிறகு, பெட்டியின் முன்புறப் பொத்தானிலிருந்து மதர்போர்டுக்கு வரும் இரண்டு முனைக் கம்பியைக் கழற்றி, அது செருகியிருந்த இரண்டு ஊசிகளை மட்டும் திருப்புளி முனையால் ஒரு கணம் சேர்த்துத் தொட வேண்டும். கணினி எழுந்தால் கெட்டது பொத்தான் மட்டுமே. எழாவிட்டால், எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய இணைப்பியை மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டு, அதன் பச்சை நிறக் கம்பியையும் ஏதேனும் ஒரு கறுப்புக் கம்பியையும் ஒரு சிறு உலோகக் கம்பியால் இணைத்த பிறகு மின்சாரம் கொடுத்தால், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸின் விசிறி சுழல வேண்டும். விசிறி சுழல்வதாலேயே அது முழுக்க நலம் என்று ஆகிவிடாது. சுழலாவிட்டால் அது கெட்டுவிட்டது என்பது ஏறக்குறைய உறுதி. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் யாரும் திறந்துவிடக் கூடாது. கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் இருக்கும் பெரிய கெபாசிட்டர்கள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கருப்பாகவே இருக்கிறது

பழைய கணினிகளில் மிகுதியாகக் காணப்படும் அறிகுறி இதுதான். நிதானமாகப் பார்த்தால் பழுது பார்ப்பவரிடம் போகாமலே பெரும்பாலும் தீர்த்துவிடக்கூடியதும் இதுதான்.

முதலில் திரையின் பக்கம். திரையின் கம்பி சரியான துளையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு பொருத்திய கணினிகளில் மதர்போர்டின் திரைத் துளை பெரும்பாலும் செயலிழந்திருக்கும். அதில் கம்பியைச் செருகிவிட்டு ரேமைத் தேடிக்கொண்டிருப்பது வீண். அடுத்து, செயலிக்கு அருகே உள்ள நான்கு முனை 12 வோல்ட் இணைப்பி. இது கழன்றிருந்தால் விசிறிகள் எல்லாம் சுழலும், ஆனால் செயலிக்கு மின்சாரம் போகாது என்பதால் வேறு எதுவும் நடக்காது.

இவை இரண்டும் சரியென்றால் ரேமுக்கு வரலாம். ரேம் செருகியிருக்கும் ஸ்லாட்டின் இரு முனைகளிலும் உள்ள பிடிகளை வெளிப்புறமாக அழுத்தி ரேமை எடுத்து, அதன் அடிவிளிம்பில் வரிசையாக இருக்கும் தங்க முலாம் பூசிய தொடுமுனைகளை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மங்கலோ கறுத்த படலமோ தெரிந்தால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் மென்மையாகத் துடைத்து, நன்றாக உலர விட வேண்டும். பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் தேய்ப்பது பலருக்கும் பழக்கமான முறை; அதனால் பலன் உண்டு, ஆனால் தங்க முலாம் மிக மெல்லியது என்பதால் அழுத்தித் தேய்க்கவும் கூடாது, அடிக்கடி செய்யவும் கூடாது, ரப்பர்த் துகளை விட்டுவைக்கவும் கூடாது. உப்புத்தாள், கத்தி முனை போன்றவற்றை அருகில்கூடக் கொண்டுவர வேண்டாம். ஸ்லாட்டுக்குள் படிந்த தூசியை ஊதுகருவியாலோ மெல்லிய தூரிகையாலோ அகற்ற வேண்டும். வாயால் ஊதினால் எச்சிலின் ஈரம் உள்ளே போய்ப் புதிய துருவுக்கு வழிவகுக்கும்.

மறுபடி செருகும்போது ரேமின் விளிம்பில் உள்ள வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். இரு முனைகளிலும் கட்டைவிரலால் சமமாக அழுத்தினால், பிடிகள் தாமாகவே ரேமைக் கவ்வி ஒலி எழுப்பும். ஒரு பக்கம் மட்டும் கவ்வி மறுபக்கம் அரை மில்லிமீட்டர் மேலே நிற்பதே பல கருந்திரைகளின் காரணம். கண்ணுக்குப் பொருந்தியது போலத் தெரிவதை நம்பாமல், பக்கவாட்டிலிருந்து பார்த்து விளிம்பு ஸ்லாட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அப்போதும் திரை வராவிட்டால் ஒரே ஒரு ரேமை மட்டும், மதர்போர்டின் கையேடு முதலாவதாகச் சொல்லும் ஸ்லாட்டில் பொருத்தி முயல வேண்டும். பிறகு அதே ரேமை அடுத்த ஸ்லாட்டில், அதன்பின் இரண்டாவது ரேமை முதல் ஸ்லாட்டில் என்று முயன்றால், கெட்டது ரேமா ஸ்லாட்டா என்பது தெரிந்துவிடும். ஒரு ரேம் எந்த ஸ்லாட்டிலும் ஓடாமல் மற்றொன்று எல்லாவற்றிலும் ஓடினால் குற்றம் ரேமுடையது. இரண்டு ரேமும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் ஓட மறுத்தால் குற்றம் ஸ்லாட்டுடையது, அல்லது அதற்கு அப்பால் இருப்பது. ஏஎம்டி 2003 இல் அத்லான் 64 வரிசையிலும், இன்டெல் 2008 இல் முதல் கோர் ஐ7 வரிசையிலும் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதியைச் செயலிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. அதற்குப் பிந்தைய கணினிகளில் செயலி சற்றே சாய்ந்து அமர்ந்தாலும், அது அமரும் சாக்கெட்டின் ஊசி ஒன்று வளைந்தாலும், ஒரு பக்கத்து ரேம் ஸ்லாட்டுகள் செத்தது போல ஆகிவிடும். செயலியின் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்கைக் கழற்றி மாட்டிய பிறகு இந்த அறிகுறி தோன்றியிருந்தால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

எல்லா மாற்றங்களும் பலனளிக்கவில்லையென்றால், ரேம் முழுவதையும் எடுத்துவிட்டுக் கணினியைத் தொடங்கிப் பார்ப்பது மிகப் பயனுள்ள சோதனை. மதர்போர்டில் சிறு ஒலிபெருக்கி இணைந்திருக்க வேண்டும். ரேம் இல்லாத நிலையில் அது பீப் என்று கதறினால், எஸ்எம்பிஎஸ், செயலி, பயாஸ் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. தேடலை ரேமுக்கும் ஸ்லாட்டுக்கும் சுருக்கிக்கொள்ளலாம். ரேமே இல்லாதபோதும் அது மௌனமாக இருந்தால், புதிய ரேம் வாங்குவதால் எந்தப் பயனும் விளையாது. கோளாறு செயலியிலோ மதர்போர்டிலோ எஸ்எம்பிஎஸ்ஸிலோ இருக்கிறது. ஒரு தொகையை வீணாக்காமல் காப்பாற்றும் சோதனை இது. ஏனோ பலரும் இதைச் செய்வதில்லை.

அந்த நிலையில் மதர்போர்டின் கெபாசிட்டர்களைப் பார்க்க வேண்டும். உருளை வடிவில், செயலியைச் சுற்றியும் ரேம் ஸ்லாட்டுகளின் அருகிலும் நிற்கும் இவற்றின் உச்சி தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, பழுப்பு நிறக் கசிவோடோ ஒன்று நின்றாலும் அந்தப் பலகையை நம்ப முடியாது. 2000 ஆம் ஆண்டையொட்டிய சில ஆண்டுகளில் தயாரான பலகைகளில் தரம் குறைந்த கெபாசிட்டர்கள் பெருமளவில் இடம்பெற்று, குறைந்த காலத்திலேயே உப்பி வெடித்தது உலகறிந்த செய்தி. தேர்ந்த கைகள் அவற்றைப் பற்றவைத்து மாற்றிவிடும்.

பீப் ஒலி கேட்கிறது

ஒலி கேட்பது நல்ல செய்தி, ஏனென்றால் பயாஸ் பேசுகிறது. எந்த நிறுவனத்தின் பயாஸ் என்பதைப் பொறுத்து ஒலியின் பொருள் மாறும். அவார்டு பயாஸில் ஒரு குறுகிய ஒலி எல்லாம் நலம் என்பதையும், ஒரு நீண்ட ஒலியைத் தொடர்ந்து இரண்டு குறுகிய ஒலிகள் கிராபிக்ஸ் கோளாற்றையும் குறிக்கும். ஒலி ஓயாமல் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் ரேம்தான். ஏஎம்ஐ பயாஸின் பழைய பதிப்புகளில் ஒன்று முதல் மூன்று வரையான ஒலிகள் ரேமையும், எட்டு ஒலிகள் கிராபிக்ஸ் நினைவகத்தையும் சுட்டும். பீனிக்ஸ் பயாஸ் இடைவெளி விட்டுத் தொகுதி தொகுதியாக ஒலிப்பதால், ஒவ்வொரு தொகுதியையும் தனியே எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். பெரிய நிறுவனங்களின் கணினிகள் தமக்கெனத் தனி வரிசைகளை வைத்திருப்பதால், கையேட்டைப் பார்க்காமல் முடிவுக்கு வருவது தவறு. ஒலியைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு ஆற அமரக் கேட்பது எண்ணிக்கைப் பிழையைத் தவிர்க்கும்.

சில வினாடிகளில் அணைந்து, தானாக மறுபடி எழுகிறது

எந்தக் கட்டத்தில் அணைகிறது என்பதே இங்கே முடிவு சொல்லும். திரையில் எழுத்து வரும் முன்பே இரண்டு, மூன்று வினாடிகளுக்கு ஒருமுறை அணைந்தெழுந்தால், எஸ்எம்பிஎஸ், மதர்போர்டில் எங்கேனும் மின்கசிவு, ரேம் ஆகிய மூன்றும் ஐயத்துக்குரியவை. தொடக்கப் பொத்தான் உள்ளே அழுந்தியபடியே சிக்கியிருந்தாலும் நான்கைந்து வினாடிகளில் கணினி அணைந்துவிடும் என்பதால், அதையும் கம்பியைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு நிமிடமோ இரண்டோ ஓடிய பிறகு சட்டென்று அணைந்தால் வெப்பம்தான் முதல் ஐயம். செயலிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் உள்ள தெர்மல் பேஸ்ட் காலப்போக்கில் காய்ந்து, வெப்பத்தைக் கடத்தும் திறனை இழந்துவிடும். ஹீட்சிங்கின் இடுக்குகளைத் தூசி கம்பளம் போல மூடியிருக்கும். பயாஸ் திரையில் செயலியின் வெப்பநிலை எழுதப்பட்டிருக்கும். எந்த வேலையும் இல்லாத அந்தத் திரையிலேயே அது நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், ரேமைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

விண்டோஸின் சின்னம் தோன்றி, நீலநிறத் திரை ஒன்று மின்னி மறைந்து, கணினி மறுதொடக்கம் ஆனால், அது மின்சாரக் கோளாறு அல்ல. பிழை ஏற்பட்டதும் தானாக மறுதொடக்கம் செய்யும்படி விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கிறது. எக்ஸ்பி முதல் விண்டோஸ் 7 வரை, தொடக்கத்தில் எஃப்8 விசையை அழுத்தி வரும் பட்டியலில் அந்தத் தானியங்கி மறுதொடக்கத்தை நிறுத்திவிட்டால், நீலத்திரை நிலைத்து நின்று பிழையின் பெயரைப் படிக்க இடம் கொடுக்கும்.

குளிர்ந்த நிலையில் எழாமல், நாலைந்து முறை முயன்ற பின் எழுந்து, அதன்பின் நாள் முழுவதும் சிக்கலின்றி ஓடும் கணினிகளும் உண்டு. இது முதுமை அடைந்த கெபாசிட்டர்களின் இயல்பு. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்த்து, அதன் பிறகே மதர்போர்டின்மேல் பழி சுமத்த வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால், கணினி ஓடும்போது 12 வோல்ட் கம்பி 11.4 முதல் 12.6 வரையிலும், 5 வோல்ட் கம்பி 4.75 முதல் 5.25 வரையிலும் காட்ட வேண்டும்.

தேதி மாறிவிடுகிறது, எஃப்1 விசையை அழுத்தச் சொல்கிறது

சிமாஸ் செக்சம் பிழை என்றோ, தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை என்றோ திரையில் எழுத்து வந்தால், மதர்போர்டில் நாணயம் போன்று இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும்; 2.7 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் மாற்றிவிடலாம். சுவர்ச் சுவிட்சு போட்டிருக்கும்வரை காத்திருப்பு மின்சாரமே கடிகாரத்தை ஓட்டுவதால், ஒவ்வொரு இரவும் சுவிட்சை அணைத்துவிடும் இடங்களில் இந்தப் பேட்டரி விரைவாகத் தேய்கிறது. தேதி பின்னோக்கிப் போனால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை போலத் தோன்றி, பல தளங்கள் திறக்க மறுக்கும். அதை இணையக் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது.

பேட்டரியை மாற்றுவது எளிது. அதன் பின்விளைவுதான் பலரைக் குழப்புகிறது. பேட்டரி தீர்ந்ததும் பயாஸ் தன் எல்லா அமைப்புகளையும் மறந்து, தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். ஹார்டு டிஸ்க்கின் இணைப்பு முறை ஏஹெச்சிஐ என்று இருந்தபோது விண்டோஸ் நிறுவப்பட்டிருந்து, பயாஸ் இப்போது அதை ஐடிஇ என்று மாற்றிக்கொண்டால், விண்டோஸ் தொடங்கும் வேளையில் தன் ஹார்டு டிஸ்க்கையே அணுக முடியாமல் நீலத்திரையில் விழும். ஹார்டு டிஸ்க்கும் நலம், விண்டோஸும் நலம், ரேமும் நலம். பயாஸில் ஒரே ஒரு வரி மாறியிருக்கிறது. இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ் என்ற பொருளில் பிழை வந்தால், இயங்குதளத்தை அழிக்கும் முன் அந்த ஒரு வரியை மற்ற முறைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். முன்பே எடுத்துவைத்த பயாஸ் படங்கள் பயன்படும் இடம் இதுதான்.

இயங்குதளம் கிடைக்கவில்லை என்கிறது

இந்தச் செய்தி வந்துவிட்டால் ரேம் தன் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள். யூஎஸ்பி துளையில் பென்டிரைவ் செருகியிருந்தால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும். தொடக்க வரிசையில் அது முன்னே நின்று வழியை மறித்துக்கொண்டிருக்கலாம். பிறகு பயாஸில் ஹார்டு டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் தரவைக் கடத்தும் சாட்டா கம்பியையும் மின்கம்பியையும் கழற்றி மாட்டி, சாட்டா கம்பியை வேறொன்றால் மாற்றிப் பார்க்க வேண்டும். டக், டக் என்று ஒரே சீராக ஒலி வந்தால் ஹார்டு டிஸ்க்கின் உட்பகுதி பழுதாகிவிட்டது. தரவு முக்கியமென்றால் மேலும் மேலும் தொடங்கிப் பார்க்காமல் அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

பெயர் தெரிந்தும் எக்ஸ்பியில் என்டிஎல்டிஆர் இல்லை என்றோ, விண்டோஸ் 7 இல் பூட்எம்ஜிஆர் இல்லை என்றோ செய்தி வந்தால், தொடக்கக் கோப்பு சிதைந்திருக்கிறது. நிறுவல் வட்டிலிருந்து பழுதுநீக்கத்தை ஓட்டலாம். ஆனால் அதற்கு முன் கீழே சொல்லும் ரேம் சோதனையை முடித்தாக வேண்டும். ரேம் கெட்ட நிலையில் வட்டைச் செப்பனிடும் கருவியை ஓட்டினால், அது தவறாகப் படித்ததைத் தவறாகவே எழுதி, நன்றாக இருந்த கோப்புகளையும் கெடுத்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது உறைகிறது, நீலத்திரை வருகிறது, ஒவ்வொரு முறையும் பிழையின் பெயர் மாறுகிறது

ஒரே நிரலைத் திறக்கும்போது ஒரே பிழை வந்தால் அது பெரும்பாலும் மென்பொருள் சார்ந்தது. பிழையின் பெயர் நாளுக்கொன்றாக மாறுவதும், சுருக்கப்பட்ட கோப்புகளை விரிக்கும்போது பழுது என்று வருவதும், இயங்குதளத்தை நிறுவும் நடுவிலேயே கோப்பைப் படிக்க முடியவில்லை என்று நிற்பதும் ரேமின் கைவரிசைகள். சாதாரண மேசைக் கணினியின் ரேமில் பிழை கண்டறியும் வசதி இல்லாததால், ஒரு பிட் தவறினாலும் கணினி அதை அறியாமலே தொடர்ந்து செல்லும். விளைவு வேறெங்கோ, வேறொரு நேரத்தில் வெளிப்படும்.

விண்டோஸ் விஸ்டா முதல் விண்டோஸிலேயே நினைவகச் சோதனைக் கருவி இருக்கிறது. தொடக்கப் பட்டியின் தேடலில் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடித் திறந்து மறுதொடக்கம் செய்தால், விண்டோஸ் ஏறும் முன் சோதனை ஓடும். எஃப்1 விசையை அழுத்தி நீட்டித்த சோதனையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. விண்டோஸே தொடங்காத கணினிக்கும், ஐயத்தை முற்றாகத் தீர்த்துக்கொள்ள விரும்புவோருக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச நிரலே சிறந்தது. வேறொரு கணினியில் அதைப் பென்டிரைவில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து பழைய கணினியைத் தொடங்கினால் சோதனை தானாகவே ஓடத் தொடங்கிவிடும்.

ஒரு சுற்று பிழையின்றி முடிந்ததும் நிறுத்திவிடக் கூடாது. சில பிழைகள் ரேம் நன்கு சூடேறிய பிறகே தோன்றும் என்பதால், இரவு முழுவதும் ஓடவிட்டுக் காலையில் பார்ப்பதே முறை. பிழைகள் சிவப்பு நிறத்தில் வரும். நினைவகத்தைப் பொறுத்தவரை ஏற்கத்தக்க பிழை எண்ணிக்கை பூச்சியம். ஒன்று வந்தாலும் அது கோளாறுதான். பிழை வந்த உடனே ரேமைக் குப்பையில் போட்டுவிடவும் வேண்டாம். தொடுமுனைகளைத் துடைத்து, ஒவ்வொரு ரேமையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். பிழை ஒரே ரேமைத் தொடர்ந்து ஸ்லாட் விட்டு ஸ்லாட் போனால், முகவரியும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றால், அந்த ரேமின் சில்லு போய்விட்டது. தனித்தனியே நலமாக இருந்து சேர்த்துப் போட்டால் மட்டும் பிழை வந்தால், அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. பயாஸில் ரேமின் வேகத்தை ஒரு படி குறைத்தால் பல நேரங்களில் சரியாகிவிடும். எந்த ரேமைப் போட்டாலும் பிழை இடம் மாறி மாறி வந்தால், ரேமை விட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸையும் மதர்போர்டையும் நோக்கித் திரும்ப வேண்டும்.

பொருத்திய அளவு முழுவதும் காட்டவில்லை

4 ஜிபி பொருத்திய கணினி 3 ஜிபிக்குச் சற்று மேல் மட்டுமே காட்டினால், அங்கே 32 பிட் விண்டோஸ் இருக்கிறது என்பது முதல் ஊகம். 32 பிட்டால் குறிக்கக்கூடிய முகவரிகள் 4 ஜிபி அளவோடு முடிந்துவிடுகின்றன. அதில் ஒரு பகுதியை கிராபிக்ஸும் மற்ற சாதனங்களும் எடுத்துக்கொள்வதால் எஞ்சியதே ரேமுக்குக் கிடைக்கிறது. இது பழுதன்று. 64 பிட் விண்டோஸிலும் இதே குறை இருந்தால், பயாஸில் மெமரி ரீமேப் என்ற வசதி அணைந்திருக்கிறதா என்றும், எம்எஸ்கான்ஃபிக் கருவியின் பூட் பக்கத்தில் மேம்பட்ட தெரிவுகளுக்குள் அதிகபட்ச நினைவகம் என்ற கட்டத்தில் குறி விழுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கணினியை வேகப்படுத்துவதாக எண்ணி அந்தக் கட்டத்தில் குறியிடுபவர்கள் உண்டு. அது நினைவகத்தைக் குறைக்க மட்டுமே உதவும். பாதி அளவே தெரிந்தால் ஒரு ரேம் சரியாக அமரவில்லை. மேலே கருந்திரைக்குச் சொன்ன வேலைகளையே இங்கும் செய்ய வேண்டும்.

புதிய ரேம் சேர்த்த பிறகு தொடங்கவில்லை

பழைய ரேமை மட்டும் போட்டால் ஓடுகிறதா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். ஓடினால் பிரச்சினை பொருத்தத்தில் இருக்கிறது. ரேம் வகைகளான டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 தொடுமுனைகளே என்றாலும், வெட்டு இருக்கும் இடம் வேறு, மின்னழுத்தமும் 1.8, 1.5 வோல்ட் என்று வேறு. ஒன்றை மற்றொன்றின் ஸ்லாட்டில் அழுத்திச் செருக முயன்றால் ஸ்லாட் உடையும். வகை சரியாக இருந்தும் ஓடாமைக்குக் காரணம் பெரும்பாலும் சில்லின் அடர்த்தி. இன்டெல் ஜி41 சிப்செட் (பலகையின் கட்டுப்பாட்டுச் சில்லுகள்) உள்ள டிடிஆர்3 பலகைகள் 4 ஜிபி ரேமை ஏற்கும், ஆனால் இரு பக்கங்களிலும் எட்டெட்டாகப் பதினாறு சில்லுகள் கொண்டதை மட்டும். எட்டே சில்லுகளில் 4 ஜிபியை அடக்கிய பிற்காலத்து ரேமை அவற்றால் சரியாகப் படிக்க முடியாது. ஏஎம்டி கணினிகளுக்கு மட்டும் என்று குறிப்பிட்டு விற்கப்படும் 4 ஜிபி டிடிஆர்2 ரேமை இன்டெல் பலகையில் போட்டுவிட்டுத் திகைப்பவர்களும் இருக்கிறார்கள். சர்வர்களிலிருந்து கழற்றி விற்கப்படும் ரெஜிஸ்டர்டு வகை ரேம் சாதாரண மேசைக் கணினியில் ஓடாது. வாங்கும் முன் மதர்போர்டின் மாதிரிப் பெயரைப் பலகையிலேயே படித்து, கையேட்டில் ஸ்லாட் ஒன்றுக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் பொருந்தியிருந்தும் எழவில்லையென்றால், பயாஸ் பழைய ரேமின் வேகத்தையே பிடித்துக்கொண்டிருக்கலாம். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பேட்டரிக்கு அருகில் உள்ள மூன்று ஊசிகளில் இரண்டை இணைக்கும் சிறு மூடியான ஜம்பரைக் கையேடு சொல்லும்படி பத்து வினாடி இடம் மாற்றி வைத்து, பழைய இடத்துக்கே திருப்பினால் பயாஸ் அமைப்புகள் அழிந்துவிடும். ஜம்பர் இல்லாத பலகையில் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைப்பதும் அதே பலனைத் தரும். இதைச் செய்த பிறகு ஹார்டு டிஸ்க்கின் இணைப்பு முறையைப் பழைய நிலைக்கு மாற்ற மறக்கக் கூடாது.

தொடங்குகிறது, ஆனால் வெகுநேரம் எடுக்கிறது

பயாஸ் திரையிலேயே தேக்கம் என்றால், இறந்துகொண்டிருக்கும் ஹார்டு டிஸ்க்கையோ யூஎஸ்பி சாதனத்தையோ அது காத்திருந்து தேடுகிறது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் புலப்படும். விண்டோஸ் சின்னம் வந்த பிறகு தேக்கம் என்றால், ஹார்டு டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவுகளைப் பார்க்க வேண்டும். அதில் இடம் மாற்றப்பட்ட செக்டர்களின் (தரவு எழுதும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கையும், காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கையும் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தால் அந்த ஹார்டு டிஸ்க்கை மாற்றியாக வேண்டும். தரவு கம்பி வழியே செல்லும்போது சிதைந்ததைக் காட்டும் சிஆர்சி பிழை மட்டும் ஏறினால் கம்பியை மாற்றினால் போதும்.

ஹார்டு டிஸ்க் நலமாக இருந்து, முகப்புத் திரை வந்த பின்னும் அதன் விளக்கு நிற்காமல் எரிந்தால், ரேம் போதாமல் விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கையே நினைவகமாகப் பயன்படுத்துகிறது. டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பயன்பாடு எந்த நிரலையும் திறக்கும் முன்பே எண்பது விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் இது உறுதியாகிவிடும். தொடக்கத்தில் தானாக எழும் நிரல்களை நிறுத்துவது முதல் வேலை. அதற்குப் பிறகும் தீராவிட்டால் மட்டுமே ரேமைக் கூட்டுவது பொருளுள்ள செலவாகும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக, சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி பொருத்தினால் தொடங்கும் நேரம் பெருமளவு குறையும். பழைய சாட்டா 2 துளையில்கூட அந்த வேறுபாட்டை உணரலாம். 2 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், பலகை ஏற்கும்பட்சத்தில் முதலில் ரேமை 4 ஜிபி ஆக்கிவிட்டு, எஸ்எஸ்டியை அடுத்ததாக வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.